ரோட்டுக்கும் மலைப்பாதைக்கும் ஒரே சைக்கிள் ஹெல்மெட்: வாங்கப் போகிறவர்களுக்கு

வார நாள் காலையில் ஈசிஆரிலோ பைபாஸிலோ ரோடு பைக். லீவு கிடைத்தால் எம்.டி.பி.யை (மலைப்பாதை சைக்கிளை) தூக்கிக்கொண்டு நீலகிரிப் பக்கமோ ஏற்காட்டுப் பக்கமோ மண்பாதை. இப்படி ரோட்டில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையில் கேட்டால் "ரெண்டா வாங்கிடுங்க சார்" என்பார்கள். எனக்கு இதில் ஒரு முடிவுக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு கடையில் என் அளவு இல்லை. ஆன்லைனில் வந்தது தலையில் நிற்கவில்லை. திருப்பி அனுப்பினால் பணம் வர இழுத்தடித்தார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றே போதும் என்பதுதான் என் பதில். மலைக்கென்று செய்த டிரெயில் ஹெல்மெட்டில், வைசரை (நெற்றிக்கு முன்னால் நீட்டியிருக்கும் மறைப்பை) கழற்ற முடிகிற, காற்றோட்டம் நன்றாக உள்ள ஒன்றை எடுங்கள். அது ரோட்டுக்கும் தாராளமாகப் போதும். ரோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவதைவிட, மலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வருவது மேல்.

1. எந்தச் சவாரிக்கு இந்த ஒன்று போதாது என்று பாருங்கள்

பெடலை மிதிக்காமல் இறக்கத்தில் மட்டும் வேகமாக வரும் டவுன்ஹில், பெரிய ஜம்ப், பைக் பார்க் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படாது. அதற்குத் தாடையையும் மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் வேண்டும். டவுன்ஹில் பந்தயத்தில் சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதியே அதைத்தான் கேட்கிறது. அந்த வகைக்கென்று அமெரிக்கத் தர அமைப்பின் ஏ.எஸ்.டி.எம். எஃப்1952 என்று தனித் தரமும் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சென்னை வெயிலில் மிதிக்க முடியாது.

தாடைப் பகுதியைக் கழற்றி மாட்டும் வகையும் கிடைக்கிறது. பார்த்தவுடன் "அட, இதுதானே நமக்கு வேண்டியது" என்று தோன்றும். விலையும் எடையும் அதிகம், உள்ளே சூடும் அதிகம். மாதம் ஒருமுறையாவது கடினமான இறக்கம் ஓட்டுகிறவருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

எஸ்டேட் ரோடு, ஏரிக்கரை மண்பாதை, கல்லும் வேரும் உள்ள சாதாரண டிரெயில், கூடவே ரோட்டில் நீண்ட தூரம். நம்மில் முக்கால்வாசிப் பேர் ஓட்டுவது இவ்வளவுதான். இதற்கு ஒரு ஹெல்மெட் போதும். (காப்புக்காட்டுக்குள் போகும் பாதை என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். ஹெல்மெட் விஷயத்தோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.)

2. கடைக்குப் போகும் முன் தலையை அளந்துவிடுங்கள்

தையல் டேப் போதும். புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே, காதுக்கு மேலாக, பின்தலையில் துருத்திக்கொண்டிருக்கும் இடம் வழியாகச் சுற்றுங்கள். இரண்டு மூன்று முறை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்.

பொதுவாக எஸ் என்றால் 51 முதல் 55 செ.மீ., எம் என்றால் 55 முதல் 59, எல் என்றால் 59 முதல் 63. இது நிறுவனத்துக்கு நிறுவனம் இரண்டு செ.மீ. முன்பின் இருக்கும். அதனால் "நான் எம்" என்று சொல்லாமல் "57 செ.மீ." என்று கேளுங்கள். உங்கள் அளவு 59 மாதிரி எல்லையில் இருந்தால் இரண்டு அளவையும் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சுற்றளவு பாதிக் கதைதான். சிலருக்குத் தலை மேலிருந்து பார்த்தால் உருண்டை, சிலருக்கு நீளவாக்கில் முட்டை வடிவம். இரண்டும் ஒரே 57 ஆக இருக்கலாம், ஆனால் ஒரே ஹெல்மெட் இரண்டுக்கும் பொருந்தாது. ஹெல்மெட் நெற்றியில் அழுத்தி, காதுக்கு மேல் பக்கவாட்டில் இடைவெளி விட்டால் அது உங்கள் தலையைவிட உருண்டை. பக்கவாட்டில் நெருக்கி, நெற்றியிலும் பின்னாலும் இடம் இருந்தால் அது உங்கள் தலையைவிட நீளம். பின்தலையில் இறுக்கும் டயலைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. வேறு மாடல்தான்.

3. உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்

ரோடு ஹெல்மெட்டும் டிரெயில் ஹெல்மெட்டும் பெரும்பாலும் ஒரே தரச் சோதனையைத்தான் தாண்டி வருகின்றன. ஐரோப்பாவின் ஈ.என். 1078, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் சி.பி.எஸ்.சி., ஆஸ்திரேலியா - நியூசிலாந்தின் ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 2063. இந்த மூன்றில் ஒன்றாவது லேபிளில் இருக்க வேண்டும். சி.பி.எஸ்.சி. சோதனையில் ஹெல்மெட்டை உலோகத் தலை ஒன்றில் மாட்டி, 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுகிறார்கள். உள்ளே உணரும் அதிர்ச்சி 300 ஜி-யை (புவியீர்ப்பு முடுக்கத்தின் 300 மடங்கை) தாண்டக் கூடாது. ஈ.என். 1078இல் விழும் வேகம் கொஞ்சம் குறைவு, வரம்பு 250 ஜி. இரண்டில் எது இருந்தாலும் நமக்குச் சரி.

இங்கே சிக்க வைக்கும் விஷயங்கள் மூன்று. ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை. ஐ.எஸ். 4151 என்பது மோட்டார் பைக், ஸ்கூட்டர் ஹெல்மெட்டுக்கான தரம். சைக்கிள் ஹெல்மெட்டில் அந்த எண்ணைத் தேட வேண்டாம். யாராவது அதைக் காட்டி விற்றால் அவருக்குச் சரக்கு தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டு, "சி.இ." என்று இரண்டு எழுத்து மட்டும் அச்சடித்த மலிவு ஹெல்மெட்டுகள். எந்தத் தரம் என்ற எண் இல்லாமல் வெறும் சி.இ. மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மூன்று, ஆன்லைன் விளம்பரப் படத்தில் தரம் எழுதியிருக்கும், வந்த பொருளின் உள்ளே லேபிளே இருக்காது. ஒழுங்கான ஹெல்மெட்டில் தயாரிப்பாளர் பெயர், மாடல், செ.மீ. அளவு, எடை, தயாரித்த ஆண்டு எல்லாம் உள்பக்கம் ஒட்டியிருக்கும்.

தயாரித்த ஆண்டையும் பாருங்கள். தள்ளுபடியில் கிடைப்பது பெரும்பாலும் பழைய சரக்குதான். ஒன்றிரண்டு வருடம் என்றால் வாங்கலாம். ஐந்து வருடத்துக்கு முந்தையது பாதி விலை என்றாலும் எனக்கு வேண்டாம்.

4. வடிவத்தில் பார்க்க வேண்டியவை

தரம் ஒன்றுதான் என்றால் ரோடு, மலை என்று இரண்டு வகை எதற்கு? வித்தியாசம் எவ்வளவு தலையை மூடுகிறது, எவ்வளவு காற்று வருகிறது, முன்னால் வைசர் உண்டா என்பதில் இருக்கிறது.

பின்தலை: ரோடு ஹெல்மெட் பின்னால் உயரமாக வெட்டியிருக்கும். டிரெயில் ஹெல்மெட் பின்தலையிலும் நெற்றிப் பொட்டுப் பக்கமும் கீழே இறங்கி மூடும். மண்பாதையில் விழுவது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கி மல்லாக்க விழுகிறவர்கள் நிறைய. மலைக்கு மலை ஹெல்மெட் என்று நான் சொல்ல முக்கியக் காரணம் இதுதான்.

ஆனால் அளவுக்கு மீறி இறங்கக் கூடாது. ரோடு பைக்கில் டிராப் பாரை (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரை) பிடித்துக் குனிந்து நிமிர்ந்து பார்க்கும்போது ஹெல்மெட்டின் பின்விளிம்பு கழுத்தில் குத்தி, முன்பக்கம் கண்ணுக்கு மேல் தள்ளிக்கொண்டு வரும். தண்ணீர்ப் பை முதுகில் இருந்தால் இறக்கத்தில் அதுவும் இடிக்கும். வெளிநாட்டு மதிப்புரைகளில் "எண்டூரோ" என்று வரும் ஹெல்மெட்டுகளில் இந்தத் தொல்லை அதிகம். "கிராஸ் கன்ட்ரி", "டிரெயில்", "கிராவல்" என்று வருபவை நடுவாந்திரம். அங்கே தேடுங்கள்.

வைசர்: காட்டுப்பாதையில் வைசர் வெயிலுக்கு மட்டும் இல்லை. உண்ணிச்செடியின் முள்கிளை முகத்தில் அறையும் முன் வைசரில் படும். ரோட்டிலோ அதே வைசர் தொல்லை. குனிந்து ஓட்டும்போது முன்னால் பத்து மீட்டருக்கு மேல் பார்க்கத் தலையை ஒடித்துத் தூக்க வேண்டியிருக்கும். லாரி வருகிற ரோட்டில் அது கூடாது. அதனால் வைசர் கழற்ற முடிகிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஸ்க்ரூவா, அழுத்தி மாட்டுவதா? கழற்றிய பிறகு ஓட்டை பல்லிளிக்கிறதா, மூட ஏதாவது கொடுக்கிறார்களா? சில மாடலில் வைசர் ஹெல்மெட்டின் மேல் ஓட்டோடு ஒன்றாக இருக்கும், மேலும் கீழும் மட்டும் நகரும். நன்றாக மேலே தள்ள முடிந்தால் அதுவும் பரவாயில்லை. கடையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தினாலே முறிகிற பிளாஸ்டிக் கொக்கிகள் உண்டு.

காற்றோட்டம்: துளை எத்தனை என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அதை வைத்து எதுவும் தெரியாது. ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பாருங்கள். முன்துளையிலிருந்து பின்துளை வரை தெர்மாகோலில் வாய்க்கால் போல் பள்ளம் போகிறதா? போனால்தான் காற்று தலைக்கு மேல் ஓடி வெளியே போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் மணிக்கு எட்டு, ஒன்பது கி.மீ. வேகத்தில் ஏறும்போது காற்று என்று ஒன்று வரவே வராது. அங்கே துளை பெரிதாகவும் நெற்றிப் பட்டையில் வியர்வை கண்ணுக்கு இறங்காமலும் இருந்தால் புண்ணியம். வேகத்துக்காகத் துளைகளை மூடிய ஏரோ ஹெல்மெட் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

எடை: ரோடு ஹெல்மெட் 250 முதல் 300 கிராம், டிரெயில் ஹெல்மெட் 320 முதல் 400 வரை. நூறு கிராம் கழுத்துக்குத் தெரியுமா? இரண்டு மணி நேரச் சவாரியில் தெரியாது. நாள் முழுவதும் ஓட்டினால் தெரியும். 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி) ஓட்டுகிறவர்கள் பதின்மூன்றரை மணி நேரம் வரை தலையில் வைத்திருப்பார்கள். இந்தியாவில் ஆடாக்ஸ் அமைப்பு நடத்தும் பிரெவேயில் ஹெல்மெட் கட்டாயம், கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிட முடியாது. நீங்கள் அந்த ரகம் என்றால் 350 கிராமுக்குள் பாருங்கள்.

ஓடு: மலிவு ஹெல்மெட்டில் மேல் ஓடு தனியாக ஒட்டியிருக்கும், கீழ்விளிம்பில் தெர்மாகோல் அப்படியே வெளியே தெரியும். தரையில் வைக்கும்போதும் பஸ் டிக்கியில் போடும்போதும் அந்த விளிம்புதான் முதலில் பெயரும். ஓடும் நுரையும் ஒரே அச்சில் வார்த்து, கீழ்விளிம்பையும் ஓடு சுற்றி மூடியிருந்தால் நம் ஊர்ப் புழக்கத்தைத் தாங்கும்.

5. மிப்ஸ் வேண்டுமா?

சில ஹெல்மெட்டுகளின் உள்ளே பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று தெரியும், மஞ்சள் வட்டமும் ஒட்டியிருக்கும். அதுதான் மிப்ஸ், ஸ்வீடன்காரர்களின் ஏற்பாடு. தலை நேராக மோதுவது குறைவு. பெரும்பாலும் சாய்வாக மோதி, தலை சுழல்கிறது. அந்தச் சுழற்சி மூளைக்குக் கெடுதல். தகடு பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் வழுக்கிக் கொடுப்பதால் சுழலும் விசை கொஞ்சம் குறைகிறது. சி.பி.எஸ்.சி.யும் ஈ.என். 1078உம் சுழற்சியைச் சோதிப்பதில்லை, அதனால் லேபிளை வைத்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

பட்ஜெட் இடம் கொடுத்தால் எடுங்கள் என்பது என் கருத்து. ஆனால் பொருந்தாத மிப்ஸ் ஹெல்மெட்டைவிடப் பொருந்துகிற சாதா ஹெல்மெட் நல்லது. தகடு உள்ளே கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்வதால், ஒரே மாடலின் சாதா வகையைப் போட்டுப் பார்த்துவிட்டு மிப்ஸ் வகையை ஆர்டர் செய்ய வேண்டாம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சாய்வாகவும் மோதவிட்டு மதிப்பெண் போட்டு இலவசமாக வெளியிடுகிறது. மதிப்பெண் குறைவாக இருந்தால் நல்லது, ஐந்து நட்சத்திரம் உச்சம். ரோடு, மலை இரண்டுக்கும் ஒரே சோதனை என்பதால் நம் மாதிரி ஆட்களுக்கு வசதி. விலை அதிகமானதுதான் மேலே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் பட்டியல் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

6. எவ்வளவு செலவாகும்?

கடைகளில் நான் பார்த்தவரை 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் தரச் சான்றுள்ள சாதாரண ஹெல்மெட் கிடைக்கும். வைசர் உள்ளது, இல்லாதது இரண்டும் உண்டு. 4,000 முதல் 8,000 வரை மிப்ஸ், நல்ல டயல், கழற்றும் வைசர். ஒரே ஹெல்மெட்டில் இரண்டையும் சமாளிக்க இதுதான் சரியான இடம். 10,000க்கு மேல் போனால் எடை குறையும், காற்று கூடும், பெயர் கூடும். பாதுகாப்பு அதே அளவுக்குக் கூடும் என்று எண்ண வேண்டாம்.

800 ரூபாய்க்குக் கீழே வருவதை விட்டுவிடுங்கள். பட்ஜெட் 2,000தான் என்றால் அதிலேயே ஈ.என். 1078 உள்ள, பின்தலை மூடுகிற ஒன்றைத் தைரியமாக வாங்கலாம். மிச்சத்துக்குப் பின்னால் மாட்டும் சிவப்பு விளக்கு வாங்குங்கள்.

7. கடையில் எப்படிப் போட்டுப் பார்ப்பது?

சவாரிக்குப் போடும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள். உள்தொப்பி, பஃப் (கழுத்திலோ தலையிலோ மாட்டும் துணி) போடுகிற பழக்கம் இருந்தால் அதையும். பின்னல் போடும் பெண்கள் சவாரிக்கு எப்படிப் பின்னுவார்களோ அப்படியே போக வேண்டும். உச்சிக்கொண்டை போட்டால் எந்த ஹெல்மெட்டும் உட்காராது. தாழ்வான பின்னல் டயலுக்குக் கீழே போகிற இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டயலைத் தளர்த்தி, ஸ்ட்ராப் போடாமல் தலையில் வையுங்கள். நெற்றியில் நேராக, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். பின்னுக்குச் சாய்த்து நெற்றியைக் காட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். முகம் குப்புற விழுந்தால் அந்த ஹெல்மெட்டால் பயனில்லை. இப்போது டயலைத் திருகுங்கள். ஸ்ட்ராப் போடாமலேயே தலையைக் குனிந்து ஆட்டுங்கள். விழக் கூடாது. டயலைக் கடைசி வரை திருகித்தான் நிற்கிறது என்றால் ஒரு அளவு சின்னது வேண்டும்.

அப்புறம் ஸ்ட்ராப். இரண்டு பக்கமும் காதுமடலுக்குக் கீழே ஆங்கில 'வி' மாதிரி சேர வேண்டும். தாடைக்குக் கீழே ஒன்றிரண்டு விரல் நுழையும் அளவு. வாயை அகலமாகத் திறந்து கொட்டாவி விடுங்கள். ஹெல்மெட் தலையில் லேசாக அழுத்தினால் ஸ்ட்ராப் சரி. உள்ளங்கையால் முன்விளிம்பை மேலே தள்ளிப் பாருங்கள். நெற்றி முழுக்கத் தெரியும்படி போனால் சரியில்லை.

இதோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். நமக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. கடையில் நிற்கும் ரோடு பைக்கில் ஏறி, டிராப் பாரைப் பிடித்துக் குனிந்து, எதிரே சுவரைப் பாருங்கள். வைசர் மறைக்கிறதா? பின்விளிம்பு கழுத்தில் முட்டுகிறதா? பைக்கில் ஏற விடவில்லையென்றால் மேசையைப் பிடித்துக் குனிந்தும் பார்க்கலாம். கூச்சப்பட வேண்டாம். பிறகு பத்து நிமிடம் கழற்றாமல் கடையைச் சுற்றுங்கள். கழற்றியதும் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்த தழும்பு இருந்தால், 50 கி.மீ.யில் அது தலைவலி. நெற்றி முழுக்க லேசான கோடு இருந்தால் சரி.

சனி, ஞாயிறு மாலையில் போகாதீர்கள். வார நாளில் கடை திறந்த நேரத்துக்குப் போனால் பொறுமையாகக் காட்டுவார்கள்.

8. பில், திருப்பி அனுப்புதல், வெளிநாட்டு ஆர்டர்

எம் அளவு எப்போதும் இருக்கும். எஸ், எல் இரண்டும்தான் தட்டுப்பாடு. வரவழைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், பொருந்தாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, இல்லை வேறு பொருள்தான் எடுக்க வேண்டுமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். மலைப் பயணம் வைத்திருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே தேடத் தொடங்குங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் அட்டையைக் கிழிக்காமல், வைசரில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல், வீட்டுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். எண்ணெய் தேய்த்த தலையில் வேண்டாம். பேடில் கறை பட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். பின்னால் வாக்குவாதம் வந்தால் அதுதான் பேசும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ஹெல்மெட் எடை 350 கிராம்தான், ஆனால் கூரியர்க் கட்டணம் பெட்டியின் கொள்ளளவுக்கு. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பல கூரியர்களின் வழக்கம். 32 × 24 × 18 பெட்டி என்றால் 2.7 கிலோவுக்கு மேல் காசு கேட்பார்கள். அதற்கு மேல் சுங்க வரி, கையாளும் கட்டணம், கே.ஒய்.சி.க்கு ஆதார் அல்லது பான் நகல். பொருந்தவில்லையென்றால் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். அதே மாடலை, அதே அளவில், ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தால் மட்டும் இந்த வழி.

பில்லையும் உத்தரவாத அட்டையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தெர்மல் தாள் பில் ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். சில நிறுவனங்கள் விபத்தில் உடைந்த ஹெல்மெட்டுக்குப் பதில் புதியதைத் தள்ளுபடியில் தருகின்றன. இந்தியாவில் இது டீலரைப் பொறுத்தது, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கேட்டால் முதலில் பில்தான் கேட்பார்கள்.

9. வாங்கிய பிறகு

முதல் மலைச் சவாரிக்கு முன் ரோட்டில் ஒரு நீண்ட சவாரி போய் ஸ்ட்ராப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். ரோட்டுக்குக் கழற்றும் வைசரையும் அதன் ஸ்க்ரூவையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். ஸ்க்ரூ தொலைந்தால் தனியாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பேடைக் கழற்றி, சாதா சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காய வையுங்கள். வாஷிங் மெஷினில் போடுவதானால் வலைப்பையில் போடுங்கள், இல்லையென்றால் பாதி பேட் காணாமல் போகும். மேல் ஓட்டைத் துடைக்க பெட்ரோல், தின்னர் ஆகவே ஆகாது. நுரையை அரித்துவிடும், வெளியே தெரியாது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் ஹெல்மெட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

விழாமலே இருந்தாலும் ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது அமெரிக்க சி.பி.எஸ்.சி. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் நான் ஐந்தை எடுத்துக்கொள்வேன். தலை அடிபட விழுந்துவிட்டால் வருடக் கணக்கு கிடையாது, அன்றே மாற்ற வேண்டும். நுரை ஒருமுறை நசுங்கினால் மீளாது, மேல் ஓட்டில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். முதலில் எல்லாப் பக்கமும், உள் லேபிளையும் படம் எடுத்து டீலருக்கு அனுப்பிப் பதில் வாங்குங்கள். அது முடிந்ததும் ஸ்ட்ராப்பைக் கத்தரியால் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது நல்ல ஹெல்மெட் என்று எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.